என்ஜினை விடுங்கள், பெட்டியைப் பாருங்கள்

கண்டக்குழியில் மீன் ஏற்ற கூலர் லொறி தேடுகிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. எல்லாரும் என்ஜினைத்தான் கேட்கிறீர்கள். பின்னால் இருக்கிற பெட்டியை ஏறிப் பாருங்கள். பேலியகொடை மீன் சந்தை இங்கிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல். சாளையும் கீரியும் கொழுப்பு மீன், சூட்டைத் தாங்காது.

சுவரைத் தட்டுங்கள். இரண்டு தகட்டுக்கு நடுவில் ஃபோம் நிறைந்திருந்தால் சத்தம் அமுங்கி வரும். வெறும் தகரம் டணீரென்று கேட்கும். நம்மூர் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது, அதனால் உள்ளே ஃபைபரோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ இருக்கட்டும். கதவு ரப்பருக்கிடையில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுங்கள். லேசாக வந்துவிட்டால் குளிர் அந்த வழியால்தான் போகும். தரை சற்றுச் சரிந்து, தண்ணீர் போக ஓட்டை இருக்க வேண்டும். உருகிய ஐஸ் தண்ணீர் இரத்தத்தோடு தேங்கினால் அடியில் கிடக்கிற மீன்தான் முதலில் கெடும்.

மே முதல் காற்றுக் காலத்தில் கைட் சர்ஃபிங் பலகை ஏற்றுகிறவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை. நனையாத, பூட்டக்கூடிய சாதாரண பெட்டி போதும்.

இரவு முழுக்கக் கடலில் கிடந்து பிடித்த மீனுக்கு ரோட்டில் விலை விழுவதை மனசு பொறுக்குதில்லை. பெட்டி பார்க்கப் போகிறவர்கள் கூப்பிடுங்கள், நானும் வாறேன்.