பாலத்தடியில் பத்து நிமிடம்

கொழும்புத் துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல் வரும் நாட்களில் வாப்பா விடிவதற்கு முன்பே வேனை எடுத்துவிடுவார். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கொழும்புக்கு மூன்றரை மணித்தியாலம். காலை ஏழரைக்குத் துறைமுக வாசலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கண்டிக்குத் திரும்ப வேண்டும். பின்னேரம் ஐந்துக்கு முன் மறுபடி அதே வாசலில் இறக்க வேண்டும். பிறகு வீட்டுக்கு ஓட்டம். ஒரே நாளில் நான்கு தடவை கடுகண்ணாவையைக் கடப்பார்.

கப்பலில் வருபவர்களுக்கு எங்கள் நாடு ஒரு பகல்தான். அந்தப் பகலிலும் ஏழு மணித்தியாலம் வீதியிலேயே போய்விடும். "இவ்வளவு அவசரத்தில இவங்க எதைத்தான் பார்க்கிறாங்க?" என்று வாப்பாவிடம் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் ஏளனமாகத்தான்.

கடந்த டிசம்பர் விடுமுறையில் ஒருநாள் என்னையும் கூப்பிட்டார். அவுஸ்திரேலியாவிலிருந்து வயதான ஒரு தம்பதி. அந்த அம்மாவுக்கு முழங்கால் நோவு. கைபிடித்து நடத்த ஒரு பெண்பிள்ளை இருந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார்களாம். "மகள்ட இங்கிலீசும் உதவும்" என்றார் வாப்பா.

கஜுகமவில் முந்திரிப் பருப்பு வாங்கியது தவிர வழியில் எங்கும் நிற்கவில்லை. பதினொரு மணிக்குப் பேராதனைப் பூங்கா. 147 ஏக்கரையும் யார் நடப்பது? கிட்டிய மரங்களை மட்டும் காட்டினேன். ஐந்தாம் ஜோர்ஜ், மன்னராவதற்கு முன்பு 1901 இல் தம் மனைவியுடன் வந்து நட்ட நாகலிங்க மரம் ஒன்று அங்கே நிற்கிறது. அவர்களும் 'ஒஃபிர்' என்ற கப்பலில் நாடு நாடாகச் சுற்றி வந்தவர்கள்தாம். அந்த அம்மா அதைக் கேட்டுச் சிரித்தார். வாங்கில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு பழைய தபாலட்டையை எடுத்தார்.

1959 இல் அவருடைய குடும்பம் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவில் குடியேறப் புறப்பட்டது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட கப்பல்கள் சுயெஸ் கால்வாய் வழியாக வந்து, கொழும்பில் ஒருநாள் தங்கிப் போகும். எல்லோரும் கரையிறங்க, இவருக்கு மட்டும் சின்னமுத்து. தாயும் மகளும் கப்பல் அறையிலேயே இருந்துவிட்டார்கள். வட்டச் சன்னலால் கொஞ்சம் கூரைகள் தெரிந்தன, அவ்வளவுதான். கரைக்குப் போன தகப்பன் மகளுக்கு வாங்கி வந்தது அந்த அட்டை. ஆற்றில் யானைகள் படுத்துக் கிடக்கின்றன. கீழே ஊரின் பெயர்: கட்டுகஸ்தோட்டை.

"இது எங்கட ஊர்!" என்று கத்திவிட்டேன்.

அவருடைய கணவர் மணிக்கூட்டைப் பார்த்தார். வாப்பாவும் பார்த்தார். கப்பல்காரர்களே ஒழுங்கு செய்யும் பஸ் பிந்தினால் கப்பல் காத்து நிற்கும். எங்களைப் போல வெளியே பிடித்த வேன் பிந்தினால் நிற்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் விமானத்தில் போய்த்தான் கப்பலைப் பிடிக்க வேண்டும். இதெல்லாம் அந்த அம்மாவுக்கும் தெரியும். அவர் எதுவும் கேட்கவில்லை. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"வாப்பா, டவுனுக்குள்ள போகாம ஹல்லொலுவ றோட்டால போனா?"

வாப்பா யோசித்தார். "பத்து நிமிசம். அதுக்கு மேல ஒரு நிமிசமும் இல்ல" என்றார்.

பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கரை சரிந்திருந்த இடத்தில் அவரை மெல்ல இறக்கினேன். மகாவலி மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. யானை ஒன்றும் இல்லை. பாகன்கள் தேங்காய் மட்டையால் யானை தேய்ப்பதைச் சின்ன வயதில் பார்த்ததாக உம்மும்மா சொல்வார். நான் ஒருநாளும் கண்டதில்லை. 1975 இல் பின்னவலையில் யானைகள் சரணாலயம் தொடங்கியது. இப்போது யானைக் குளிப்புப் பார்க்க வருபவர்கள் அங்கேதான் போகிறார்கள். தெரிந்த அளவுக்கு விளக்கினேன். அவர் ஏமாந்ததாகத் தெரியவில்லை. "நீ இந்த ஆற்றில் இறங்கியிருக்கிறாயா?" என்று கேட்டார்.

பதினேழு வருடமாக அந்தப் பாலத்தால் பள்ளிக்கும் கடைக்கும் போய் வருகிறேன். சுழி இருக்கிறது என்று உம்மா கரைக்கே விடமாட்டார். "இல்லை" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, ஓரத்திலேயே கணுக்கால் நனைய நின்றோம். தண்ணீர் நான் நினைத்ததைவிடக் குளிராக இருந்தது. வாப்பா ஹோர்ன் அடித்தார். பதினாறு நிமிடம் ஆகிவிட்டிருந்தது.

மாவனல்லையில் வாப்பா அவசரமாகத் தொழுதுவிட்டு ஓடி வந்தார். சாப்பிடவில்லை. வரக்காப்பொலைக்கு முன்பு ஒரு லொறி பழுதாகி வீதியை மறித்து நின்றது. அரை மணித்தியாலம் வேன் ஊர்ந்தது. அந்த ஐயா கப்பல் அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கப்பல் போய்விட்டால் அது என் வாயால் வந்தது. அந்தப் பயணத்தில் ஓதிய அளவு ஸலவாத்தைப் பரீட்சைக்குக்கூட நான் ஓதியதில்லை.

துறைமுக வாசலில் இறக்கும்போது ஐந்துக்கு எட்டு நிமிடம். அந்த அம்மா என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, முழங்கால் நோவையும் மறந்தவர் போல் நடந்தார். எனக்குக் கப்பல் முழுதாகத் தெரியவில்லை. களஞ்சியக் கூரைகளுக்கு மேலே அதன் வெள்ளை மாடிகள் மட்டும் தெரிந்தன.

வாப்பா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். ஏசப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"இனிமே றோட்டப் பத்தி நீங்க வாய் திறக்கவே கூடாது" என்றார். பிறகு, "பசிக்குதா மகள்?" என்றார்.

காலிமுகத்திடலில் வேனை நிறுத்தி இஸ்ஸு வடை வாங்கித் தந்தார். இருட்டும் நேரத்தில் தூரத்தில் ஒரு கப்பல் விளக்குகளோடு போனது. அதுதானா என்று கேட்டேன். வாப்பா தெரியாது என்றார். அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நான் பார்த்து முடிப்பதற்குள் வேனை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். இன்னும் மூன்றரை மணித்தியாலம் இருந்தது.