மூன்றாம் கியரில் ஓடிய படகு

மலேசியத் தமிழ்க் கதைகளில் உளிக்கும் பால்வாளிக்கும் கிடைத்த இடம் ஸ்பானருக்குக் கிடைத்ததில்லை. மரம் சீவியவர்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். அதே தோட்டத்தில் டிராக்டரையும் லாரியையும் ஜெனரேட்டரையும் ஓடவைத்துக்கொண்டிருந்த வொர்க்‌ஷாப்காரர்கள், கதைக்குள் வந்தாலும் கிரீஸ் படிந்த சட்டையோடு வாசலில் நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் தலைக்குள் என்ன ஓடியது என்று நாம் கேட்கவில்லை. நான் எழுத நினைப்பது அப்படி ஒருவருடைய தலைக்குள் பல மாதம் ஓடிய ஒரு கேள்வியைப் பற்றி: பழைய காடி எஞ்சினை வைத்து ஆழமில்லாத ஆற்றில் படகு ஓட்டுவது எப்படி?

அவர் என் பெரியப்பா. பண்டார் தெங்காரா பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். பண்டார் தெங்காரா பழைய ஊர் கிடையாது. 1972இல் அமைக்கப்பட்ட கெஜோரா என்ற தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் திட்டம் போட்டு எழுப்பிய ஊர். வீடுகளைத் தாண்டினால் செம்பனை, செம்பனையைத் தாண்டினால் ஆறு. சாயோங், லிங்கியூ போன்ற ஆறுகள் சேர்ந்துதான் ஜொகூர் ஆறாகக் கோத்தா திங்கிக்குப் போகிறது. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் இந்த ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆற்றில் நீர் குறைந்தால் கடல் உப்பு மேலேறிவிடும் என்பதால் லிங்கியூ நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். 2016 அக்டோபரில் அந்தத் தேக்கமே 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. இரண்டு நாடுகள் விழுக்காட்டில் பேசுகிற தண்ணீர், மேலாற்றில் மீன்பிடிக்கப் போகிறவனுக்கு முழங்கால் கணக்கு. காலையில் முழங்கால்; மேலே ஒரு மழை பெய்தால் சாயங்காலம் கழுத்து.

கடையில் விற்கிற மோட்டாரை எங்கள் பக்கம் ‘எஞ்சின் சாங்கூட்’ என்பார்கள். படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடுவதால் அந்தப் பெயர். அதன் கால் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கும். கால் நுனியில் புரொப்பெல்லர். பெரியப்பா அதைக் ‘கிப்பாஸ்’ என்றுதான் சொல்வார். ஆழத்தில் அது நன்றாக ஓடும். மணல்திட்டும் மூழ்கிய மரமும் செம்பனை மட்டையும் உள்ள ஆற்றில் முதலில் அடிபடுவது அந்தக் கால்தான். சின்ன மோட்டார்களில் கியர் உடையாமல் இருக்க ஒரு பின் தானே முறிந்துகொடுக்கும். குளிரவைக்கும் தண்ணீரையும் அது ஆற்றிலிருந்தே உறிஞ்சும். மணல் கலந்து போனால் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இறக்கை தேய்ந்துவிடும். “பாதி நாளு பின்னு மாத்தவே சரியா போவுது. மீன எப்பப் புடிக்கிறது?” என்று பெரியப்பா ஒருநாள் அலுத்துக்கொண்டார்.

தாய்லாந்து இதற்கு ஏற்கெனவே பதில் கண்டுபிடித்திருந்தது. பாங்காக் கால்வாய்களில் ஓடும் நீள்வால் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். காடி, லாரிகளின் எஞ்சினைப் படகின் பின்பக்கம் ஒரு சுழல்தாங்கியில் நிறுத்தி, அதிலிருந்து நீளமான தண்டைச் சாய்வாகத் தண்ணீருக்குள் நீட்டிவிடுவார்கள். முன்னால் எஞ்சின், பின்னால் வால், நடுவில் தாங்கி. தராசு மாதிரி. கைப்பிடியை அழுத்தினால் வால் எழும், பக்கவாட்டில் தள்ளினால் படகு திரும்பும். கிப்பாஸ் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே சுற்றுவதால் ஆழம் தேவையில்லை. வியட்நாமின் மெக்கோங் டெல்டாவில் இதே வகை மோட்டாருக்கு ‘இறால்வால்’ என்று பெயர். தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் ஃபைபர் படகுகளில் ‘லாங்டெயில்’ டீசல் எஞ்சின்கள் ஓடுகின்றன. அலையைத் தாண்டி மணலில் ஏறவேண்டிய படகுகளுக்காக, சென்னையில் இயங்கிய எஃப்.ஏ.ஓ.வின் வங்காள விரிகுடாத் திட்டம், புரொப்பெல்லரைத் தூக்கிக்கொள்ளும் ஓர் அமைப்பையே உருவாக்கியது.

பெரியப்பாவுக்கு இதில் பாங்காக் படகு மட்டும்தான் தெரியும். அதுவும் டிவியில் பார்த்தது. மற்றதை அவரே யோசிக்க வேண்டியிருந்தது.

எஞ்சினுக்குப் பழைய டட்சன் 120ஒய் ஒன்றைப் பிடித்தார். பெசி புரோக் கடையில் கன்சில் எஞ்சின் கிடைத்தது, லேசானதும்கூட. வேண்டாம் என்றுவிட்டார். கன்சிலில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது. டட்சனில் எஞ்சின், கியர்பாக்ஸ், தண்டு எல்லாம் ஒரே நேர்கோட்டில் பின்னால் போகும். வாலை அப்படியே நீட்டிக்கொள்ளலாம். கியர்பாக்ஸ் இருந்தால் நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யலாம். மூன்றாம் கியரில் போட்டால் எஞ்சின் வேகமாகச் சுற்றினாலும் கிப்பாஸ் கொஞ்சம் நிதானமாகச் சுற்றும். அளவுக்கு மீறி வேகமாகச் சுற்றுகிற கிப்பாஸ் தண்ணீரைப் பிடிக்காது, நுரைக்கத்தான் செய்யும்.

அடுத்தது தள்ளு. காடியில் சக்கரம்தான் ரோட்டைத் தள்ளுகிறது. எஞ்சினிலிருந்து வரும் தண்டு சுற்றினால் போதும், எதையும் தள்ள வேண்டியதில்லை. படகில் அதே தண்டின் நுனியில் கிப்பாஸ் இருக்கிறது. அது தண்ணீரைப் பின்னால் தள்ள, தண்ணீர் தண்டை முன்னால் தள்ளும். சும்மா விட்டால் மொத்தத் தள்ளும் கியர்பாக்ஸின் வயிற்றில் போய்க் குத்தும். அதற்கு அவர் லாரி முன்சக்கரத்தின் டேப்பர் பேரிங் இரண்டை எதிரெதிராக வைத்து, ஒரு கூட்டுக்குள் அடைத்து, தண்டின் தள்ளை அங்கேயே நிறுத்தி இரும்புச் சட்டத்துக்குக் கொடுத்தார். சுற்று எஞ்சினிலிருந்து வரும், தள்ளு படகுக்குப் போகும், இரண்டும் பேரிங்கில் பிரிந்துவிடும். இதை அவர் எனக்கு ஒரு பென்சிலை உள்ளங்கையில் குத்திக்காட்டி விளக்கினார். பள்ளிக்கூடத்தில் நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடம் செய்தவன் நான். அது வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, ஆற்றுநீரை எஞ்சினுக்குள் விடாமல், ஒரு செம்புக்குழாயை வாலோடு கட்டித் தண்ணீரில் மூழ்கவைத்தார். எஞ்சினின் சொந்தத் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் போய்ச் சூட்டை ஆற்றிலே விட்டுவிட்டுத் திரும்பி வரும். சேறு வெளியே, சுத்தநீர் உள்ளே. இன்னொரு சிக்கல் சாய்வு. வாலை ரொம்பத் தூக்கினால் எஞ்சின் மூக்கு இறங்கும். அடியில் இருக்கும் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடி, உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கும். எண்ணெய் போகாத எஞ்சின் அதிக நேரம் தாங்காது. அதனால் ஒரு சங்கிலியைக் கட்டி வால் எவ்வளவு எழலாம் என்பதற்கு எல்லை வைத்தார்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி இரண்டு முறை மூழ்கியது. அந்தப் பருவத்தில் எங்கள் பக்கத்துத் தாழ்வான பாதைகளிலும் தண்ணீர். வேலிக்கம்பியும் மட்டையும் மூழ்கிக் கிடந்த அந்த இடுப்பளவுத் தண்ணீரில் டட்சன் ஓடியது. அரிசி, கேஸ் தோம்பு, இரண்டு கிழவிகள், ஒரு ஆடு. கிப்பாஸைச் சுற்றிக் கூண்டு எதுவும் இல்லை; வால் திரும்பும் பக்கம் நிற்பவன் காலை இழப்பான். அதனால் பிள்ளைகளை ஏற்றும்போது எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழியால் தள்ளுவார். இக்னிஷன் ஒயரில் ஒரு கயிற்றைக் கட்டி மணிக்கட்டில் மாட்டியிருப்பார். அவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் அணைய வேண்டும். சத்தத்தைப் பற்றிக் கேட்டால், “சத்தம் கேட்டாத்தான்டா ஆளுங்க வெளிய வருவாங்க” என்பார்.

1960களில் மெக்கோங் விவசாயிகள் தங்கள் இறால்வாலை ஒரு குழாய்க்குள் செருகி, வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பாக மாற்றினார்கள். ராபர்ட் சான்சம் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் அதைக் கவனித்து, 1969இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். அதனால் இன்று நமக்குத் தெரிகிறது. எங்கள் தோட்டங்களில் அப்படி எழுத யாரும் வரவில்லை. நாமும் எழுதவில்லை. அனுதாபத்துக்கு நம்மிடம் சொற்கள் தயாராக இருக்கின்றன. ஒரு மனிதன் பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்ததைச் சொல்லத்தான் தடுமாறுகிறோம். தோட்டத்து மனிதனைத் துயரப்படுபவனாக மட்டும் எழுதி வைத்தால், அவன் யோசித்தவன் என்பது அவன் பேரப்பிள்ளைகளுக்கே தெரியாமல் போய்விடும்.

இப்போது பெரியப்பாவின் கை நடுங்குகிறது. ஸ்பானர் நட்டில் உட்கார மறுக்கிறது. படகு மக்கிவிட்டது. எஞ்சினும் வாலும் தகரக் கொட்டகையில் கிடக்கின்றன. போன மாதம் பெசி புரோக் கடைக்காரர் வந்து கிலோ கணக்கில் விலை பேசினார். அண்ணன் கொடுத்துவிடலாம் என்கிறார். நான் வேண்டாம் என்றேன். உடையவரையே கேட்போம் என்று போய் நின்றோம். பெரியப்பா கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார்.

“எஞ்சின் போனா போவுது. அந்த ரெண்டு பேரிங்க மட்டும் கழட்டி வையிங்க. ஒண்ணும் ஆவல, இன்னும் நல்லா சுத்தும்.”