பக்க மொட்டு

டிசம்பர் முதல் பாதியில் ஓசூரைச் சுற்றியுள்ள பசுமைக்குடில்களில் ரோஜாச் செடிகளைக் கவாத்து செய்வார்கள். பாகலூர், பேரிகை, தளி என்று எந்தப் பக்கம் போனாலும் இதே வேலைதான். கிறிஸ்துமஸும் புத்தாண்டும் வருகிற நேரம். பூவைக் கேட்டு வாங்க ஆள் உண்டு. அப்படியிருந்தும் கத்தரி விழுகிறது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள இந்தக் குளிர்ந்த ஊரில், வெட்டிய இடத்தில் புதுத் தண்டு கிளம்பிப் பூவாவதற்கு 45 முதல் 50 நாள் ஆகும். காதலர் தினமான பிப்ரவரி 14க்குள் பூ சிங்கப்பூர், மலேசியா போய்ச் சேர வேண்டுமானால் ஜனவரி கடைசியில் அறுவடை தொடங்கியாக வேண்டும். அதற்காகக் கைக்கெட்டிய டிசம்பர் வருமானத்தை விவசாயி தெரிந்தே விட்டுக்கொடுக்கிறார்.

அதோடு முடியவில்லை. தாஜ்மஹால் போன்ற சிவப்பு ரகங்களில் தண்டுக்கு ஒரு பூதான் இருக்க வேண்டும். நுனி மொட்டுக்குக் கீழே, இலைக்கணுக்களில் பக்க மொட்டுகள் எட்டிப் பார்க்கும். அவற்றில் நோயும் இல்லை, குறையும் இல்லை, விட்டால் பூக்கும். ஆனாலும் சிறிதாக இருக்கும்போதே கிள்ளிவிடுகிறார்கள். தாமதித்தால் சத்து பிரிந்துபோகும், கிள்ளிய இடத்தில் தழும்பும் தங்கிவிடும். தரம் பிரிக்கும் மேசையில் அந்தத் தண்டு பின்னுக்குப் போய்விடும்.

கெட்டதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் பயிற்சி தேவையில்லை. நல்ல மொட்டில் கை வைப்பதுதான் கடினம்.

சிப்காட்டில் பல வருஷமாக வேலை பார்க்கும் ஒரு டெக்னீஷியனின் வாரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஷிப்ட், ஓ.டி., வீட்டுக் கடனுக்காக ஓய்வு நேரத்தில் மனை புரோக்கர் வேலை, மாதச் சீட்டு, குடியிருப்போர் சங்கத்தில் பொருளாளர் பதவி, சொந்த ஊர்க் கோயில் கமிட்டி, தர்மபுரிப் பக்கம் மாதத்துக்கு இரண்டு கல்யாணம். ஒன்றுகூடத் தவறான காரியம் இல்லை. ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் வந்து கேட்டிருக்கிறார். “நீங்க இருந்தாத்தான் தம்பி சரியா வரும்” என்று பெரியவர் ஒருவர் சொல்லும்போது, பதவியை மறுப்பது அவரையே மறுப்பதுபோல ஆகிவிடுகிறது. “பார்க்கலாங்க அண்ணா” என்று டெக்னீஷியன் சொல்லிவைக்கிறார். மூன்று மாதம் கழித்துக் கூட்டத்துக்குப் போகாமல், போனையும் எடுக்காமல் விடும்போது அந்த மறுப்பு வெளியே வருகிறது. தழும்பு விழுவது அப்போதுதான்.

ஓசூர் சிட்கோவில் ஜாப் ஒர்க் எடுக்கும் சின்னப் பட்டறைகளிலும் இதே கதை நடக்கிறது. ஒரு சி.என்.சி. மெஷினில் ஒரு பாகம் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு கம்பெனியிலிருந்து அவசரமாக 200 பீஸ் கேட்பார்கள். ஓட்டத்தை நிறுத்தி, செட்டிங் மாற்றி, முதல் பீஸை அளந்து சரிபார்ப்பதற்குள் நேரம் கரைந்துவிடும். முடிந்ததும் பழைய செட்டிங்குக்குத் திரும்ப வேண்டும். எல்லா ஆர்டருக்கும் சரி என்றவரின் பட்டறையில் மெஷின் வெட்டும் நேரத்தைவிட நிற்கும் நேரம் கூடிப்போகிறது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிரூபித்த ஒரு கணக்கு இதற்கு நேராகப் பொருந்தும். நாளுக்கு இரண்டு ஆர்டர் முடிக்கும் பட்டறையில் பத்து ஆர்டர் கிடந்தால், புதிதாக வருபவர் ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். இருபது கிடந்தால் பத்து நாள். கூடுதலாக வாங்கிய ஒவ்வொரு ஆர்டரும், ஏற்கெனவே வாக்குக் கொடுத்தவர்களின் நாட்களைத் தின்கிறது.

இந்த ஊரில் இன்னும் பெரிய மறுப்புகளும் நடந்திருக்கின்றன. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து, ஓசூரில் ஆலை கொண்ட டைட்டன் கடிகார நிறுவனத்தை 1984இல் தொடங்கியபோது, கடிகாரம் என்றாலே சாவி கொடுத்து ஓடும் கடிகாரம்தான் மக்கள் மனதில் இருந்தது. அந்தச் சந்தையின் அரசனான எச்.எம்.டி., நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் பெங்களூரில் இருந்தது. ஜெர்க்சஸ் தேசாய் தலைமையிலான அணி அந்தப் பக்கமே போகாமல், முழுக்கப் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸில் இறங்கியது. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் அளித்தது.

அதே டைட்டன் 1990களில் ஐரோப்பாவில் கால் வைத்து, நஷ்டப்பட்டுத் திரும்பியதும் உண்மை. அந்தக் காலத்தில் அதன் நகைத் தொழிலான தனிஷ்க்கும் நஷ்டத்தில்தான் இருந்தது. அதை விட்டுவிடச் சொன்னவர்களுக்குத் தேசாய் இணங்கவில்லை. இன்று நிறுவனத்தின் வருவாயில் பெரும்பங்கு நகையிலிருந்துதான் வருகிறது. எது நுனி மொட்டு, எது பக்க மொட்டு என்று செடியில் பார்த்தாலே தெரியும். தொழிலிலும் வாழ்க்கையிலும் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. தெரியாத அந்த நிலையிலேயே முடிவெடுத்தாக வேண்டியிருப்பதால்தான், மனிதர்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு திணறுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மறுக்கும் உரிமை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் பட்டறைக்காரர், அவசர ஆர்டரைத் தள்ளத் துணிய மாட்டார். ஓ.டி. வேண்டாம் என்கிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு அடுத்த வாரம் வேலை இருக்குமா என்பதே கேள்வி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு போட்டு, அதற்கு மேல் இரட்டிப்புச் சம்பளம் என்று விதித்தது இவர்களுக்காகத்தான். ஆலைகள் நாளுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழிசெய்யும் திருத்த மசோதா, 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்தன. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று, திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார்.

வாய் திறந்து மறுக்க முடிகிறவர்கள், அதை முதல் நாளே செய்துவிட்டால் எதிரில் இருப்பவருக்கும் அது உதவிதான். சிட்கோ பட்டறைக்காரர் ஒருவர் இப்படிச் சொல்லலாம்: “சார், இருபதாம் தேதி வரைக்கும் மெஷின் ஃபுல்லா இருக்கு. இருபத்தஞ்சுன்னா கண்டிப்பா தர்றேன். அதுக்கு முன்னாடி வேணும்னா இன்னைக்கே வேற இடத்துல கேட்டுக்குங்க.” கேட்டவர் அன்று மாலையே வேறு பட்டறைக்குப் போன் போடலாம். அவருடைய லைன் நிற்காது.