வரிசையில் நிற்கும் ராஜா

திருமலைக் கோயிலின் பெரிய வாசலைத் தாண்டியதும் வலப்பக்கம் ஒரு மண்டபம். கிருஷ்ணராயர் மண்டபம், பிரதிமா மண்டபம் என்று அதற்கு இரண்டு பெயர்கள். மணிக்கணக்கில் கூண்டுகளில் அடைந்து கிடந்துவிட்டு ‘கோவிந்தா, கோவிந்தா’ என்று நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதே அபூர்வம். உள்ளே இருப்பவரைப் பார்க்க வந்தவர்களுக்கு வாசலில் நிற்பவரைப் பற்றி என்ன கவலை?

நிற்பவர் கிருஷ்ண தேவராயர். இரு பக்கமும் திருமலாதேவி, சின்னாதேவி. மூவரும் கைகூப்பியபடி. உலோகத்தில் செய்த இந்தச் சிலைகளின் தோள்களில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ராஜாவின் தலையில் கூம்பு வடிவக் குல்லாய். பக்கத்தில் வாளில்லை, குதிரையில்லை. 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்தவர் அவர். விமானத்துக்குப் பொன் பூச 30,000 வராகன் கொடுத்தவர். இந்தச் சிலைகளையும் பொதுவாக 1517ஆம் ஆண்டு வருகையோடு சேர்த்தே சொல்கிறார்கள்.

சென்னையில் தீவுத்திடல் அருகே குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே சர் தாமஸ் மன்றோ, அவருக்கும் இந்த மலையோடு சம்பந்தம் உண்டு. தினசரிப் பொங்கல் நிவேதனத்துக்கு அவர் ஏற்படுத்திய கட்டளை ‘மன்றோ கங்காளம்’ என்ற பாத்திரத்தின் பெயரில் வழங்குகிறது. பட்டணத்தில் குதிரைச் சவாரி, மலையில் பொங்கல் பாத்திரம். மலைக்கு வந்தால் எல்லோரும் கொஞ்சம் இறங்கித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

நான் சித்தூர்க்காரன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. வருஷத்துக்கு ஒரு தடவை பாட்டி எங்களையெல்லாம் திருப்பதி பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். மண்டபம் வந்ததும் பின்னாலிருந்து யார் தள்ளினாலும் நகராமல் ராஜாவுக்கு ஒரு கும்பிடு போடுவாள். “நமக்கு முன்னாடியே வந்து க்யூவுல நிக்கிறாருடா. இன்னும் அவர் முறை வரல” என்பாள்.

அப்பா மட்டும் கும்பிட மாட்டார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பவே மாட்டார். காரணம் பிரகார நடையில் இல்லை, அரசியலில் இருந்தது. ஒரு காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர்தான். 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் முழுக்க அங்கே போயிற்று. ம.பொ.சி. தலைமையில் நடந்த எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. திருப்பதி திரும்பவில்லை, சித்தூரும் திரும்பவில்லை. அந்தக் கூட்டங்களில் கோஷம் போட்ட இளைஞர்களில் அப்பாவும் ஒருவர். கோயில் சுவரில் இருக்கிற கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ் என்பதை எங்களுக்கு விரலால் தொட்டுக் காட்டுவார். “எழுத்து நம்மளது. வாசல்ல நிக்கிறது மட்டும் அவங்க ராஜா” என்பார்.

‘அவங்க’ என்பதில்தான் சிக்கல். கிருஷ்ண தேவராயர் துளுவ வம்சம். தலைநகரம் இன்றைய கர்நாடகத்தில். திருமலையில் அவர் கொடுத்த தானங்களைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பொறிக்கச் சொன்னார். தெலுங்கில் அவர் எழுதிய ‘ஆமுக்தமால்யதா’ காவியமோ நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதை. தெலுங்கில் எழுது என்று ஆந்திர விஷ்ணுவே கனவில் கட்டளையிட்டதாக அதில் சொல்லிக்கொள்கிறார். கட்டளை தெலுங்குச் சாமியுடையது, கதை தமிழ்ப் பெண்ணுடையது. இதை ஒரு முறை அப்பாவிடம் சொன்னேன். “கதையையும் எடுத்துண்டு போயிட்டாங்களா?” என்றார். சிரிக்கிறாரா, கோபிக்கிறாரா என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்பா காலமாகிப் பல வருஷங்கள் கழித்து என் மகளோடு போனேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். பட்டப்படிப்புக்கு எடுத்தது தெலுங்கு இலக்கியம். ஆண்டாளை அவள் அறிந்ததே கோதாதேவியாக, இந்த ராஜாவின் புத்தகம் வழியாகத்தான். திருப்பாவையை அதற்கப்புறம்தான் தேடிப் போனாள். தாத்தா இருந்திருந்தால் இதை நஷ்டக் கணக்கில் எழுதியிருப்பாரா, லாபத்திலா? எனக்குத் தெரிந்து, எங்கள் வீட்டில் ஆண்டாள் பெயரை ஒருவர் தானாக எடுத்துப் படித்தது அதுதான் முதல் தடவை. நான் லாபம் என்றே வைத்திருக்கிறேன்.

கோயிலுக்குள் செல்போனும் கேமராவும் கூடாது. ஆகையால் இந்த ராஜாவைக் கண்ணால்தான் எடுத்துக்கொண்டு வர வேண்டும். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பாயஸ் ராஜாவை நேரில் பார்த்து எழுதிய வர்ணனை ஒன்று இருக்கிறது. நடுத்தர உயரம், வெளுத்த நிறம், ஒல்லியென்று சொல்ல முடியாத உடம்பு, முகத்தில் அம்மைத் தழும்புகள். அதை மகளிடம் மலையேறும் பஸ்ஸிலேயே சொல்லி வைத்திருந்தேன்.

மண்டபத்தருகே அவள் பாட்டியம்மாவைப் போலவே நின்றுவிட்டாள். பின்னாலிருந்தவர் முழங்கையால் இடித்தார். அவள் எட்டி எட்டி ராஜாவின் கன்னத்தைப் பார்த்தாள்.

“தழும்பு இல்லப்பா, வழுவழுன்னு இருக்கு.”

“சிற்பி விட்டுட்டான்” என்றேன். அதற்குள் ‘ஜரகண்டி, ஜரகண்டி’ என்று தொண்டர் ஒருவர் எங்கள் முதுகில் கை வைத்துவிட்டார்.