பேசாத பேருரை

எண்கள் எவர்க்கும் அஞ்சுவதில்லை. அரசர் ஆணையிட்டாலும் அறிஞர் உரைத்தாலும் ஏழையும் எட்டையும் பெருக்கினால் ஐம்பத்தாறே வரும். இவ்வுண்மையைக் காட்டும் பேரெண் ஒன்றின் வரலாறு மாணவர் அறியத்தக்கது.

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத எண், பகா எண் எனப்படும். 7, 13, 31 என்பன அத்தகையன. 15 என்பதோ மூன்றையும் ஐந்தையும் பெருக்க வருவது. ஆதலின் அது பகு எண். மூன்றும் ஐந்தும் அதன் காரணிகள்.

அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த தொகையில் ஒன்றைக் குறைத்தால் 147573952589676412927 என்னும் இருபத்தோர் இலக்க எண் கிடைக்கும். பிரான்சு நாட்டுத் துறவியாகிய மெர்சென் என்னும் அறிஞர், 1644 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனைப் பகா எண்களின் வரிசையில் வைத்தார். சோதித்துப் பார்த்தல் மிக அரிதாகலின், அக்கூற்று இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மறுப்பின்றி நின்றது.

1876 ஆம் ஆண்டில் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், அது பகா எண் அன்று என்று நிறுவினார். ஆயின் அதன் காரணிகள் யாவை என்பதை அவர் முறை காட்டவில்லை. குடத்தைத் தட்டிப் பார்ப்பவர் ஓசையால் விரிசல் உண்டென்று அறிவர். விரிசல் எவ்விடத்தது என்று அறியார். லூக்கா கண்டதும் அத்தகையதே.

அவ்விடத்தைக் கண்டவர் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் கோல் என்பவர். 1903 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், நியூயார்க்கு நகரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம் நடைபெற்றது. பேச அழைக்கப்பெற்ற கோல் வாய் திறவாமல் கரும்பலகையை அடைந்தார். இரண்டின் அடுக்கைப் பெருக்கி, ஒன்றைக் கழித்து, மேற்கண்ட எண்ணை எழுதினார். பின்னர் மற்றொரு பக்கம் சென்று 193707721 என்னும் எண்ணையும் 761838257287 என்னும் எண்ணையும் எழுதிக் கையாலேயே பெருக்கினார். இரு விடைகளும் ஒத்தன. அவர் ஒரு சொல்லும் கூறாது சென்று அமர்ந்தார். அவையோர் எழுந்து கையொலி எழுப்பினர் என்பர். இதற்கு எத்துணைக் காலம் ஆயிற்று என்று பின்னாளில் வினவியபோது, மூன்றாண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று அவர் விடையளித்ததாகவும் கூறுவர்.

பாலையும் நீரையும் கலத்தல் எளிது; பிரித்தல் அரிது. எண்களும் அவ்வாறே. அவ்விரு காரணிகளையும் பெருக்கிக் காட்ட ஒரு மணி நேரமும் வேண்டா. அவற்றைத் தேடிக் காணவோ ஆண்டுகள் வேண்டியிருந்தன. இக்காலக் கணிப்பொறி அந்த எண்ணை நொடிப்பொழுதில் பிரித்துவிடும். எனினும், பல நூறு இலக்கங்கள் கொண்ட தக்க எண்களைப் பிரித்தல் அதற்கும் அரிதே. அவ்வருமையையே காவலாகக் கொண்டு மறைசெய்தி அனுப்பும் முறையொன்றை 1977 ஆம் ஆண்டில் மூவர் வகுத்தனர். ஒரு காலத்தில் பயனற்றதெனத் தோன்றிய ஆராய்ச்சி, பிற்காலத்தார்க்குப் பூட்டும் திறவுகோலும் ஆயிற்று.

மெர்சென் பிழைபட்டமையால் அவர் பெருமை குன்றிவிடவில்லை. அவர் எழுப்பிய வினாவே பின்வந்தோரை உழைக்கத் தூண்டியது. பெரியோர் சொல்லை மதித்தல் நம் கடன். அதனை ஆராய்ந்து தெளிதலும் நம் கடனே. அங்ஙனம் தெளிந்த உண்மைக்கு ஆரவாரப் பேச்சு வேண்டுவதில்லை; ஒரு கரும்பலகையே போதும்.