மூன்று கடைப் பொட்டலமும் ஒரு காசுக் கணக்கும்

பிள்ளையைக் கடல் கடந்து படிக்க அனுப்பிய தாய் தொலைபேசியை எடுத்ததும் முதலில் கேட்பது "பசியாறினாயா?" என்பதுதான். படிப்பைப் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். என் மகள் அமெரிக்காவில் ஐயோவா சிட்டி என்ற பல்கலைக்கழக ஊரில் மேற்படிப்புப் படிக்கிறாள். நான் கேட்கும்போதெல்லாம், "புரிட்டோ சாப்பிட்டேன்மா" என்பாள். வாரத்தில் நான்கு நாள் இதே பதில். அது என்ன பண்டம்? வயிற்றுக்குப் போதுமா? கொடுக்கும் காசுக்குத் தகுமா?

2024-ஆம் ஆண்டு அக்டோபரில் மூன்று வாரம் அவளோடு தங்கியிருக்கும் வாய்ப்புக் கிட்டியது. அவள் வழக்கமாகப் போகும் மூன்று கடைகளிலும் உண்டு பார்த்தேன். பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைத்திருக்கும் பெற்றோருக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் எங்கே திரும்பினாலும் செம்பனை நிற்பதுபோல், ஐயோவா மாநிலத்தில் எங்கே பார்த்தாலும் சோளக்காடு. அதன் நடுவே இருக்கும் இந்த ஊர் ஒரு காலத்தில் மாநிலத் தலைநகராக இருந்தது. 1857-இல் தலைநகர் டெமாயின் நகருக்கு மாறிவிட்டது. பொன்னிறக் கூம்புமாடம் கொண்ட பழைய தலைமைச் செயலகக் கட்டடம் மட்டும் பல்கலைக்கழக வளாகத்தின் நடுவில் இன்றும் நிற்கிறது. ஊரே மாணவர்களால் வாழ்கிறது. கடைகளும் மாணவர்களின் பசியையும் பையையும் அறிந்து நடக்கின்றன.

புரிட்டோ என்பது மெக்சிகோ நாட்டுப் பண்டம். ஸ்பானிய மொழியில் 'குட்டிக் கழுதை' என்று பொருளாம். பெரிய கோதுமை ரொட்டியில் சோறு, அவரைக் கொட்டை, இறைச்சி, தக்காளி எல்லாம் வைத்துத் தலையணைபோல் சுருட்டி அலுமினியத் தாளில் பொதிந்து தருகிறார்கள். சோறும் சேர்த்துச் சுருட்டும் இந்தப் பெரிய பொட்டலம், 1960-களில் சான் பிரான்சிஸ்கோவில் மெக்சிகோக்காரர்கள் வாழ்ந்த மிஷன் பகுதியில் பெயர் பெற்றது. கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடியே உண்ணலாம். இரண்டு வகுப்புக்கு இடையில் அரை மணி நேரமே கிடைக்கும் மாணவருக்கு வேறென்ன வேண்டும்?

இந்தக் கடைகளில் பரிமாறுவோர் இல்லை. நாசி சம்பூர் கடையில் நாம் விரலால் காட்டிக் காட்டி வாங்குவதுபோல், கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்று "இது வேண்டும், அது வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே நகர வேண்டும். கடைசியில் பணம் கட்டிவிட்டு நாமே தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும்.

முதலில் போனது பஞ்சேரோஸ். இது அவ்வூரிலேயே பிறந்த கடை. 1992-இல் தொடங்கிப் பின்னர் பல மாநிலங்களுக்கும் பரவியது. இங்கே ரொட்டிதான் சிறப்பு. மாவு உருண்டையை நம் கண்ணெதிரே இயந்திரத்தில் வைத்து அழுத்திச் சுடுகிறார்கள். ஆவி பறக்கும் அந்த ரொட்டி நம் வீட்டுச் சப்பாத்தியைவிட மெல்லியது, அகலமானது. சுருட்டுமுன் உள்ளே வைப்பதையெல்லாம் ஒரு கரண்டியால் நன்றாகக் கலந்துவிடுகிறார்கள். கடைசி வாய் வரை எல்லாமும் சமமாகக் கிடைக்கிறது. பிசைந்து உண்டு பழகிய நமக்கு இது பிடிக்கும்.

அடுத்தது சிப்போட்லே. இன்று உலகறிந்த பெரிய நிறுவனம். 1993-இல் ஸ்டீவ் எல்ஸ் என்ற இளைஞர் டென்வர் நகரில், அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு அருகில், பழைய ஐஸ்கிரீம் கடையொன்றில் தொடங்கினார். தந்தை 85,000 டாலர் கடன் கொடுத்து உதவினாராம். நாளொன்றுக்கு 107 புரிட்டோ விற்றால் கடை பிழைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். ஒரு மாதத்துக்குள்ளேயே ஆயிரத்துக்கு மேல் விற்றது. இங்கே சோற்றில் எலுமிச்சைச் சாறும் கொத்தமல்லித் தழையும் கலக்கிறார்கள். நம் எலுமிச்சைச் சாதத்துக்குத் தூரத்து உறவு. அனலில் வாட்டிய கோழியும் நன்று. வெண்ணெய்ப்பழ மசியல் கேட்டால் மட்டும் தனிக்காசு.

அப்போது இரண்டு கடையிலும் ஒரு புரிட்டோ பத்து டாலர் அளவில் இருந்தது. அன்றைய கணக்கில் நம் பணத்தில் நாற்பது வெள்ளிக்கு மேல். கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆனால் என் மகள் அதைக் கத்தியால் இரண்டாக வெட்டி, பாதியை மதியமும் பாதியை இரவும் உண்கிறாள். உதவித்தொகையில் காலம் தள்ளும் பிள்ளை. அவள் அலுமினியத் தாளை மடித்துப் பாதிப் பொட்டலத்தைப் பையில் வைப்பதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

மூன்றாவது கடைக்குப் பெரிய பெயர் இல்லை. ஊருக்கு வெளியே மெக்சிகோக்காரக் குடும்பம் ஒன்று நடத்தும் மளிகைக் கடை. பின்பக்கம் ஓர் அடுப்பும் நான்கு மேசையும். புரிட்டோ சற்றுச் சிறியது, விலையும் குறைவு. பச்சை மிளகாய்த் துவையலும் சிவப்பு மிளகாய்த் துவையலும் தனித்தனிக் கிண்ணத்தில் வரும். காரத்தில் நம் சம்பாலுக்குச் சளைத்ததல்ல. ரொட்டிக்குப் பஞ்சேரோஸ், சோற்றுக்கும் கோழிக்கும் சிப்போட்லே, காரத்துக்கும் காசுக்கும் இந்த மளிகைக் கடை. நாக்கைக் கேட்டால் இதுதான் என் தீர்ப்பு.

ஆனால் கதை நாக்கோடு முடியவில்லை. மளிகைக் கடைக்கார அம்மாள், நானும் தோட்டத்துப் பெண் என்று என் மகள் சொல்லக் கேட்டு, எங்கள் மேசைக்கே வந்து அமர்ந்தார். அவர் கணவர் இளமையில் புளோரிடா மாநிலத்தில் தக்காளி பறித்தவராம். "ஒரு வாளி 32 பவுண்டு" என்று கையால் அளவு காட்டினார். நம் கணக்கில் ஏறக்குறைய 14.5 கிலோ. அதைத் தோளில் சுமந்து ஓடி வண்டியில் கொட்ட வேண்டும். வாளி விளிம்போடு நின்றால் போதாது. மேலே கோபுரமாகக் குவித்தால்தான் கணக்கில் ஏறும். குவித்ததற்குக் கூலி கிடையாது.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் தோட்டத்துப் பால் கொட்டகை நினைவுக்கு வந்தது. விடிகாலைப் பெரட்டுக்குப் போய், மரம் சீவி, காண்டா வாளியில் பால் சுமந்து வந்த என் தாயிடம், "பாலில் தண்ணீர் கூடுதல்" என்று கழித்துவிட்டுத்தான் கிராணி எழுதுவார். எதிர்த்துக் கேட்க அவளுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது.

அன்றிரவு என் மகள் மீதிக் கதையைச் சொன்னாள். புளோரிடாவில் இம்மோகலி என்ற ஊரில் 1993-இல் தக்காளித் தொழிலாளர்கள் ஒன்றுகூடத் தொடங்கினார்கள். வாளிக்கு 50 காசு அளவில்தான் அவர்களுக்குக் கூலி. தோட்ட முதலாளியைக் கேட்டால், "வாங்கும் கம்பெனி விலையைக் குறைக்கிறது" என்பார். ஆகவே வாங்கும் கம்பெனிகளையே கேட்டார்கள்: பவுண்டுக்கு ஒரு காசு கூடக் கொடுங்கள். 2001-இல் டாக்கோ பெல் என்ற பெரிய உணவக நிறுவனத்தைப் புறக்கணிக்கும்படி அழைப்பு விடுத்தார்கள். அந்த நிறுவனத்துக்கு மாணவர்கள் முக்கியமான வாடிக்கையாளர்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களே எழுந்து, "எங்கள் வளாகத்தில் இந்தக் கடை வேண்டாம்" என்றார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2005 மார்ச்சில், நிறுவனம் இணங்கியது. மற்றப் பெரிய நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2012 அக்டோபரில் சிப்போட்லேயும் கையெழுத்திட்டது.

ஒரு காசு என்று அலட்சியமாக நினைக்கக் கூடாது. 32 பவுண்டு வாளிக்கு அது 32 காசு. காசோடு விதிகளும் வந்தன. வாளியைக் குவிக்கச் சொல்லக் கூடாது. வேலை நேரத்தைக் கடிகாரம் பதிய வேண்டும். வெயிலுக்கு நிழல் வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடந்தாலோ, யாரையும் அடிமைபோல் அடைத்து வேலை வாங்கினாலோ, அந்தத் தோட்டத்துத் தக்காளியை ஒப்பந்தத்தில் சேர்ந்த நிறுவனங்கள் வாங்கக் கூடாது. இதற்கு 'நியாய உணவுத் திட்டம்' என்று பெயர்.

எண்ணிப் பாருங்கள். காட்டில் நிற்பவரின் குரல் கடைவரை எட்டுவதில்லை. கடையில் நிற்பவருக்குக் காட்டில் நடப்பது தெரிவதில்லை. இரண்டுக்கும் நடுவில் போய் நின்றவர்கள், கையில் ஒரு பொட்டலத்தோடு வகுப்புக்கு ஓடும் படித்த பிள்ளைகள். நாம் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறோம். நல்ல வேலை, நல்ல சம்பளம் என்று கனவு காண்கிறோம். அது தவறல்ல. ஆனால் படிப்புக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லி வைக்கலாம் அல்லவா? நாம் சீவிய பாலும் வெட்டிய செம்பனைக் குலையும் உலகமெல்லாம் போகின்றன. அவற்றை வாங்குவோர் யாரென்று நம் பிள்ளைகளாவது தெரிந்துகொள்ளட்டும்.

ஊர் திரும்பியதும் இவற்றையெல்லாம் என் தாயிடம் சொன்னேன். எண்பது வயதைத் தாண்டியவர். புரிட்டோவின் ருசியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வாளி விளிம்போட நின்னா போதும்னு எழுதியே குடுத்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, "அதுக்காகப் போய் நின்ன பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்" என்றார்.