துரைசானியின் குதிகால்

(இரண்டாமாண்டு இளங்கலை வரலாறு மாணவி)

சென்ற ஆண்டு கல்லூரி விழா நாடகத்தில் நான் துரைசானியாக வந்ததை நீங்கள் மறந்திருக்கலாம். இரண்டாம் காட்சியில் விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 1950-களின் பாணியில் கூர்மூக்கும் மூன்றங்குல ஊசிக் குதிகாலும் கொண்ட அந்தச் சோடியை நடைபாதைக் கடையில் வாங்கியிருந்தேன். மேடையில் நாலடி வைப்பதற்குள் இடதுகாலில் நடுப்பகுதி தொய்ந்து, குதிகால் பின்னுக்குச் சாய்ந்துவிட்டது. அரங்கம் சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

அம்மா சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கத்தியை எடுத்து அடித்தோலைப் பிரித்தாள்.

"இங்க பாரும்மா, வெறும் அட்டையை வச்சு ஒட்டியிருக்கான். இரும்புப் பட்டை எங்கே?"

என் அம்மா ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கிறாள். இந்த வரியை எழுதப் பலமுறை தயங்கினேன். கல்லூரியில் சேர்ந்தபோது படிவத்தில் 'தனியார் பணி' என்றுதான் நிரப்பினேன். நெருங்கிய தோழிகளுக்கும் அதையே சொல்லியிருந்தேன்.

குதிகால் உயர்ந்த காலணி ஒரு பாலம் என்பது அன்றிரவுதான் எனக்குப் புரிந்தது. முன்பாதமும் குதிகாலும் தரையைத் தொடும். இடைப்பகுதி அந்தரத்தில் நிற்கும். உள்தளத்துக்கும் அடித்தளத்துக்கும் நடுவே மறைந்திருக்கும் வளைந்த எஃகுப் பட்டைதான் அங்கே பாரத்தைத் தாங்குகிறது. குதிகாலை மட்டும் உயர்த்தினாலும் ஆகாதாம். அந்த உயரத்துக்கென்றே வளைத்துச் செய்த கால் அச்சின்மேல்தான் தோலை இழுத்து ஒட்ட வேண்டும். "அச்சு ஒரு உயரம், குதிகால் ஒரு உயரம்னா போட்டவ விழத்தான் செய்வா" என்றாள்.

வரலாற்று மாணவி அல்லவா, சும்மா இருக்க முடியவில்லை, தேடிப் படித்தேன். இத்தாலியில் சல்வத்தோரே ஃபெரகாமோ என்றொரு காலணிக் கலைஞர் இருந்தார். 1935-இல் முசோலினி எத்தியோப்பியாமீது படையெடுத்ததும் உலக நாடுகள் சங்கம் இத்தாலிமீது பொருளாதாரத் தடை விதித்தது. பட்டைக்கு நல்ல எஃகு கிடைக்கவில்லை; கிடைத்த மட்டமான எஃகு ஒடிந்தது. ஃபெரகாமோ பட்டையையே கைவிட்டார். சார்டீனியத் தீவின் தக்கையைச் செதுக்கி, குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையிலிருந்த வெற்றிடத்தை அடைத்தார். பாலத்தடியில் மண் கொட்டிக் கரையாக்கியது போலத்தான்! ஆப்பு வடிவக் குதிகால் இப்படித்தான் புகழ்பெற்றது. யாரோ தொடுத்த போர், பெண்களின் பாதத்தடியில் தக்கையாக வந்து நின்றது. தேர்வில் எத்தியோப்பியப் போரின் விளைவுகள் கேட்கப்பட்டால் இதை எழுதலாமா என்று பேராசிரியர்தாம் சொல்ல வேண்டும்.

1950-களில் நாகரிகம் எதிர்த்திசையில் ஓடி ஊசிக் குதிகாலுக்கு வந்தது. அவ்வளவு மெல்லிய மரம் ஒடிந்துவிடும் என்பதால் பிளாஸ்டிக்கினுள் உலோகத் தண்டைப் புதைத்தார்கள். என் செருப்பிலும் தண்டு இருந்தது. பட்டைக்குத்தான் கஞ்சத்தனம்!

ஃபெரகாமோ 1938-இல் நடிகை ஜூடி கார்லண்டுக்காகச் செய்த வானவில் நிறத் தக்கைச் செருப்பின் படத்தை அம்மாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பளபளக்கும் பொன்னிற வார்களில் விரலை வைத்தாள்.

"ஓரத்தைச் சீவி மடிச்சிருக்காரா, வெட்டினபடியே விட்டிருக்காரா?"

படத்தில் அது தெரியவில்லை.